முகவரியை மறைக்காதவர்கள்... டாக்கா பதிப்பாளர் தீபனின் கதை!

வீட்டு அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து, தலைப்புப் பக்கத்தைத் தாண்டிப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் படிக்காமலேயே கடந்துபோகும் பக்கம் ஒன்று வரும். முதல் பதிப்பு எந்த ஆண்டு, எத்தனை பக்கங்கள், என்ன விலை, எங்கே அச்சானது என்றெல்லாம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதே பக்கத்தில் பதிப்பகத்தின் பெயரும், கதவு எண், தெருப் பெயரோடு முகவரியும் இருக்கும்.

எழுதுகிறவர் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதலாம். எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாமலே ஆயுசு முழுக்க எழுதிக்கொண்டிருக்கலாம். பதிப்பாளருக்கு அந்த வசதி கிடையாது. அவர் தினமும் கடையைத் திறந்தாக வேண்டும். எழுத்தாளர் பிரூஃப் பார்க்க வருவார், பைண்டிங்காரர் பாக்கிப் பணம் கேட்டு வருவார், வெளியூர் வியாபாரி கட்டு கட்டாகப் புத்தகம் வாங்க வருவார். முன்பின் தெரியாத வாசகர் ஒருவர் தலையை நீட்டி, 'அந்தப் புத்தகம் இருக்கா?' என்று கேட்பார். யார் வந்தாலும் 'உள்ளே வாங்க' என்று சொல்ல வேண்டிய தொழில் அது.

பங்களாதேஷின் தலைநகர் டாக்காவில், 2015 அக்டோபர் 31-ம் தேதி சனிக்கிழமை, அப்படி முகவரியோடு இயங்கிக்கொண்டிருந்த இரண்டு பதிப்பகங்களுக்குள் கொலையாளிகள் புகுந்தார்கள்.

ஒரே நாள்... இரண்டு அலுவலகங்கள்

முதல் தாக்குதல், லால்மாட்டியா பகுதியில் இருந்த 'சுத்தஸ்வர்' பதிப்பகத்தில் நடந்தது. மதிய நேரம். அதன் உரிமையாளர் அகமதுர் ரஷீத் டுட்டுல், எழுத்தாளர் ரணதீபம் பாசு, கவிஞர் தாரிக் ரஹீம் ஆகிய மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். வந்தவர்கள் அரிவாளால் வெட்டினார்கள், துப்பாக்கியாலும் சுட்டார்கள். போகும்போது கதவை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ரத்தம் வழிந்துகொண்டிருந்த நிலையில் ரணதீபம் பாசு, தாங்கள் வெட்டப்பட்ட செய்தியை ஃபேஸ்புக்கில் போட்டார். பூட்டை உடைத்து மூவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

நகரத்தின் இன்னொரு பகுதியான ஷாபாக்கில் 'அஜிஸ் சூப்பர் மார்க்கெட்' என்றொரு கட்டடம் உண்டு. புத்தகப் பிரியர்களுக்கு மிகவும் பழக்கமான இடம். அங்கேதான் 'ஜாக்ருதி' பதிப்பகத்தின் அலுவலகம் இருந்தது. ஜாக்ருதி என்றால் விழிப்பு. அதை நடத்திவந்தவர் ஃபைசல் அரஃபின் தீபன்.

டுட்டுல் தாக்கப்பட்ட செய்தி பரவியதும் தீபனின் அப்பாவுக்கு மனசு பதறியது. மகனைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. தேடிக்கொண்டு அஜிஸ் மார்க்கெட்டுக்கே போனார். அங்கே அவர் கண்டது, ரத்த வெள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த மகனின் உடலை. தீபனுக்கு அப்போது வயது 43. மனைவியும் ஒரு மகனும் ஒரு மகளும் கொண்ட குடும்பம்.

அல்-கொய்தாவோடு தொடர்புடைய 'அன்சார் அல் இஸ்லாம்' என்ற அமைப்பு, இரண்டு தாக்குதல்களுக்கும் பொறுப்பேற்றது. டுட்டுலும் தீபனும் செய்த 'குற்றம்' ஒன்றுதான். அவிஜித் ராய் என்ற எழுத்தாளரின் புத்தகங்களை இருவருமே வெளியிட்டிருந்தார்கள்.

இரண்டு பேராசிரியர்களின் பிள்ளைகள்

அவிஜித்தும் தீபனும் சிறுவயதுத் தோழர்கள். அவிஜித்தின் அப்பா அஜய் ராய், டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். 1971 விடுதலைப் போரில் பங்கெடுத்தவர். தீபனின் அப்பா அபுல் காசெம் ஃபஸ்லுல் ஹக், அதே பல்கலைக்கழகத்தில் வங்காள மொழிப் பேராசிரியர். ஒருவர் இந்துக் குடும்பம், இன்னொருவர் முஸ்லிம் குடும்பம். பிள்ளைகளின் நட்புக்கு அது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை.

அவிஜித் பொறியியல் படித்து, அமெரிக்காவில் மென்பொருள் துறையில் வேலை பார்த்தார். அறிவியல், பகுத்தறிவு, மத நம்பிக்கை பற்றியெல்லாம் வங்காள மொழியில் தொடர்ந்து எழுதினார். தீபன் டாக்காவிலேயே தங்கி, பதிப்பகம் நடத்தினார். அமெரிக்காவில் இருந்த நண்பர் எழுதியதை, டாக்காவில் இருந்த நண்பர் தன் பெயரையும் முகவரியையும் போட்டு அச்சிட்டார். 2014-ல் வெளிவந்த 'விஸ்வாசேர் வைரஸ்' அப்படி வந்த புத்தகம்தான்.

அந்தப் புத்தகம் வந்த ஆண்டிலேயே மிரட்டல்கள் ஆரம்பித்துவிட்டன. அவை எழுத்தாளரிடம் மட்டும் வரவில்லை, புத்தகம் விற்கிறவரிடமும் போயின. 2014 மார்ச்சில் 'ரோகோமாரி' என்ற பங்களாதேஷின் பிரபல இணையப் புத்தகக் கடைக்கு ஒருவர் பகிரங்கமாக மிரட்டல் விடுத்தார். கடைக்காரர்கள் பயந்துபோய், அவிஜித்தின் புத்தகங்களை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மிரட்டியவர், பின்னாளில் அவிஜித் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றார்.

ஒரு புத்தகத்தை வாசகரிடம் போய்ச் சேராமல் தடுப்பதற்கு எழுதுகிறவரைத்தான் தொட வேண்டும் என்பதில்லை. விற்கிறவர் கையை எடுத்துவிட்டால் போதும். அதற்கும் அவர் மசியவில்லை என்றால், அடுத்தது அச்சிடுகிறவர். மிரட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சாக்கு விரித்துத் தொடங்கிய திருவிழா

வங்காளிகளுக்குப் புத்தகம் என்றால் எவ்வளவு உயிர் என்பதைத் தெரிந்துகொள்ள, பிப்ரவரி மாதத்தில் டாக்காவைப் பார்க்க வேண்டும்.

1952 பிப்ரவரி 21 அன்று, வங்காள மொழிக்கு உரிமை கேட்டு ஊர்வலம் போன மாணவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மொழிக்காக உயிர்விட்ட அந்த நாளைத்தான் யுனெஸ்கோ 1999-ல் சர்வதேசத் தாய்மொழி நாளாக அறிவித்தது. அந்த நினைவாக ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதம் முழுக்க 'ஏகுஷே' புத்தகக் காட்சி நடக்கிறது. 'ஏகுஷே' என்றால் இருபத்தொன்று.

இந்தப் பிரமாண்டமான காட்சியைத் தொடங்கி வைத்தவர் ஒரு பதிப்பாளர். 1971 போரின்போது பங்களாதேஷ் எழுத்தாளர்கள் பலர் அகதிகளாகக் கொல்கத்தாவில் இருந்தார்கள். அவர்கள் எழுதியதை அங்கேயே அச்சிட்டு வெளியிட்டவர் 'முக்ததாரா' பதிப்பகத்தின் சித்தரஞ்சன் சாஹா. நாடு விடுதலை பெற்றதும், 1972 பிப்ரவரியில், டாக்காவின் பங்களா அகாடமி வளாகத்தில் சணல் விரிப்பு ஒன்றை விரித்து, 32 புத்தகங்களைப் பரப்பி வைத்து உட்கார்ந்தார். அவ்வளவுதான் முதல் காட்சி. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அப்படித் தொடங்கிய காட்சியின் வாசலுக்கு அருகிலேயே ரத்தமும் சிந்தியிருக்கிறது. 2004 பிப்ரவரி 27 அன்று, மதவாத அரசியலைக் கடுமையாகச் சாடி நாவல் எழுதிய பேராசிரியர் ஹுமாயூன் ஆசாத், காட்சியிலிருந்து வீடு திரும்பும் வழியில் வெட்டப்பட்டார். உயிர் தப்பினாலும், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஜெர்மனியில் இறந்துபோனார்.

ஏறக்குறைய பதினொரு ஆண்டுகள் கழித்து, 2015 பிப்ரவரி 26. புத்தகக் காட்சிக்காக மனைவி ரஃபிதா போன்யா அகமதுவோடு டாக்கா வந்திருந்த அவிஜித் ராய், காட்சியிலிருந்து வெளியே வந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி தடுக்கப் பார்த்தார். தலையில் பலத்த வெட்டு விழுந்தது. கைக் கட்டைவிரலையும் இழந்தார். சுற்றிலும் கூட்டம் இருந்தது. இளம் புகைப்படக் கலைஞர் ஒருவர்தான் கேமராவை ஒதுக்கிவிட்டு, இருவரையும் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அவிஜித்துக்கு அப்போது வயது 42.

படிக்காமலே வெட்டியவர்கள்

இதை ஒரு மதத்துக்கும் இன்னொரு மதத்துக்கும் நடந்த சண்டையாகச் சுருக்கிவிட முடியாது. கொல்லப்பட்டவர்களில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்களும் உண்டு, இந்துக் குடும்பத்தில் பிறந்தவர்களும் உண்டு. இதன் பின்னால் இருந்தது அரசியல்.

2013-ல், 1971 போர்க்குற்றங்களுக்கான வழக்குகளில் கடும் தண்டனை கேட்டு லட்சக்கணக்கான இளைஞர்கள் ஷாபாக்கில் திரண்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பலர் ஜமாத்-இ-இஸ்லாமி கட்சியின் தலைவர்கள். போராட்டத்தின் வேகத்தைக் குறைக்க எதிர்த்தரப்பு எடுத்த ஆயுதம், 'இவர்கள் எல்லாம் நாத்திகர்கள், மதத்தை இழிவுபடுத்துகிறவர்கள்' என்ற பிரசாரம். 84 பேரின் பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று சுற்றுக்கு வந்தது. அந்தப் பட்டியலில் இருந்த சிலர் பின்னர் கொல்லப்பட்டார்கள்.

அரசாங்கம் என்ன செய்தது? ஒரு பக்கம் மதச்சார்பின்மை பேசியது. இன்னொரு பக்கம், மதவாதிகளின் கோபத்தைத் தணிக்க, 2013 ஏப்ரலில் எழுதியவர்கள் நான்கு பேரைத் தானே கைது செய்தது. 2015 பிப்ரவரியில், 'ரோதேலா' என்ற பதிப்பகம் இரானிய எழுத்தாளர் ஒருவரின் நூலை மொழிபெயர்த்து வெளியிட்டது என்பதற்காக, அதன் கடையைப் புத்தகக் காட்சியிலேயே மூடினார்கள். அவிஜித் கொலைக்குச் சில நாள்கள் முன்பு நடந்தது இது.

அவிஜித்துக்குப் பிறகு, மார்ச் 30 அன்று வாஷிகுர் ரஹ்மான் என்ற இளைஞர் டாக்கா தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஓடிய கொலையாளிகளில் இருவரை விரட்டிப் பிடித்தவர்கள், அந்தப் பக்கம் இருந்த திருநங்கைகள். ஊரே ஒதுக்கிவைக்கிறவர்கள்தான் அன்று ஊருக்காக ஓடினார்கள். பிடிபட்டவர்கள் போலீஸ் விசாரணையில் சொன்னது இன்னும் அதிர்ச்சி. வாஷிகுர் எழுதிய எதையும் அவர்கள் படித்ததில்லையாம். யாரோ சொன்னார்கள், வந்தோம் என்றார்களாம்.

மே 12-ல் சில்ஹெட் நகரில் அனந்த விஜய் தாஸ். ஆகஸ்ட் 7-ல் டாக்காவில் நிலய் நீல். யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று நிலய் ஏற்கெனவே போலீஸிடம் போயிருந்தார். 'நாட்டை விட்டுப் போய்விடு' என்ற அறிவுரைதான் கிடைத்ததாக அவரே எழுதியிருந்தார். வீட்டுக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அதன் பிறகு பேசிய போலீஸ் தலைவர், எழுதுகிறவர்கள் எல்லை மீறக் கூடாது என்றார்.

டுட்டுலும் போலீஸிடம் போனவர்தான். அவிஜித் கொலைக்குப் பிறகு தனக்கு மிரட்டல் வருவதாகப் புகார் கொடுத்திருந்தார். ஆனால், அவர் பதிப்பகத்தை மூடவில்லை. தீபனும் மூடவில்லை. நண்பர் கொல்லப்பட்ட எட்டு மாதங்கள், அஜிஸ் மார்க்கெட்டில் ஜாக்ருதியின் கதவு வழக்கம்போலத் திறந்துகொண்டுதான் இருந்தது.

'நீதி வேண்டாம்' என்ற தந்தை

மகனின் உடலைக் கண்ட அன்றே, பேராசிரியர் ஃபஸ்லுல் ஹக் பத்திரிகையாளர்களிடம் ஒன்று சொன்னார். மகன் கொலைக்கு நீதி கேட்கப் போவதில்லை என்றார். மதத்தை வைத்து அரசியல் செய்கிறவர்கள், மதச்சார்பின்மையை வைத்து அரசியல் செய்கிறவர்கள் என இரு தரப்பும் சேர்ந்துதான் நாட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கின்றன, இரு தரப்புக்கும் நல்ல புத்தி வரட்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். பெற்ற பிள்ளை வெட்டுப்பட்டுக் கிடக்கும்போது எந்த அப்பாவாவது இப்படிச் சொல்வாரா? அன்றைய ஆளும் கட்சியின் மூத்த தலைவர் ஒருவர் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். கொலையாளிகளின் கொள்கையில் அந்த அப்பாவுக்கும் நம்பிக்கை இருக்கிறதோ என்னவோ என்ற தொனியில் பேசிவிட்டார். நாடே கொதித்தது. பிறகு வருத்தம் தெரிவித்தார்.

ஃபஸ்லுல் ஹக்கின் வார்த்தைகளை விரக்தி என்று கடந்துவிடலாம். அந்த ஆண்டு நடந்ததை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், அதில் ஒரு கணக்கு இருப்பது புரியும். பிப்ரவரியிலிருந்து கொலை மேல் கொலை. ஒவ்வொரு முறையும் கண்டனம், விசாரணை, கைது என்ற செய்திகள். ஆனாலும் அக்டோபரில் அவர் மகனைத் தேடி ஆள் வந்துவிட்டது. நாலு பேரைத் தூக்கில் போடுவதால் அடுத்த பிள்ளை பிழைத்துவிடுமா என்ற கேள்வி அவருக்கு எழுந்திருந்தால், அதில் ஆச்சர்யப்பட எதுவும் இல்லை. கொலை செய்ய வந்த இளைஞர்கள் புத்தகத்தைப் படிக்காதவர்கள். அவர்களை அனுப்பி வைத்த வெறுப்பை வளர்த்தவர்கள் மேடைகளில் இருந்தார்கள். ஒரு பேராசிரியராக, அவர் பேசியது அந்த மேடைகளைப் பார்த்து.

தீபன் கொலைக்குப் பிறகு டாக்காவில் புத்தகக் கடைகள் அடைக்கப்பட்டன. எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். அதுவரை எழுத்தாளர்களுக்காக ஒலித்த குரல், முதல்முறையாக அச்சிடுகிறவர்களுக்காகவும் ஒலித்தது.

மறுபடி திறந்த கதவு

தீபனின் மனைவி ரஜியா ரஹ்மான் ஒரு மருத்துவர். பதிப்புத் தொழில் அவருடையதல்ல. வளர்க்க வேண்டிய இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஜாக்ருதியை விற்றுவிட்டோ மூடிவிட்டோ போயிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். 'உயிரோடு இருந்தால் போதும்மா' என்று சொல்லத்தான் ஆள் இருந்திருக்கும்.

அவர் பதிப்பகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பிரூஃப், தாள் விலை, விற்பனையாளர் பாக்கி என்று அந்தத் தொழிலின் தலைவலிகளோடு சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டார். 2017 ஜூலை 12, தீபனின் பிறந்தநாள். உயிரோடு இருந்திருந்தால் அன்று அவருக்கு 45 வயது ஆகியிருக்கும். அந்த நாளில் டாக்காவின் எலிஃபென்ட் ரோடு பகுதியில் ரஜியா ஒரு புத்தகக் கடையைத் திறந்தார். காபி குடித்துக்கொண்டே உட்கார்ந்து படிக்கும்படியான கடை. பெயர் 'தீபன்பூர்'. தீபனின் ஊர் என்று அர்த்தம். பெரிய எழுத்தில் பெயர்ப் பலகை, கதவு எண்ணோடு முகவரி, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். கணவரைக் கொன்றவர்கள் எதை மூட நினைத்தார்களோ, அதையே மனைவி இன்னும் அகலமாகத் திறந்து வைத்தார்.

உயிர் பிழைத்த டுட்டுலால் டாக்காவில் இருக்க முடியவில்லை. குடும்பத்தோடு நார்வேக்குப் போனார். 2016-ல் கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டுக்கு 'பென் பின்டர்' விருது கிடைத்தபோது, அந்த விருதைப் பகிர்ந்துகொள்ளும் துணிச்சல்மிக்க எழுத்தாளராக அவர் தேர்ந்தெடுத்தது டுட்டுலைத்தான். 'சுத்தஸ்வர்' இப்போது நார்வேயிலிருந்து இணைய இதழாக வருகிறது.

டுட்டுலுக்கு அடைக்கலம் கொடுத்த நார்வேக்கு இந்த வலி புதிதல்ல. சல்மான் ருஷ்டியின் 'சாத்தானின் வேதங்கள்' நாவலை நார்வே மொழியில் வெளியிட்டவர் வில்லியம் நைகார்ட். ஓஸ்லோவில் 'ஆஷெஹூக்' பதிப்பகத்தின் தலைவர். 1993 அக்டோபர் 11 அன்று காலை, வீட்டு வாசலில் அவரை மூன்று முறை சுட்டார்கள். பல மாதங்கள் சிகிச்சை எடுத்து எழுந்து வந்தார். அதே நாவலை ஜப்பானிய மொழியில் பெயர்த்த பேராசிரியர் ஹிதோஷி இகராஷி 1991 ஜூலையில் கொல்லப்பட்டார். அதே மாதம் இத்தாலிய மொழிபெயர்ப்பாளர் கத்தியால் குத்தப்பட்டார். எழுதியவருக்குப் பல ஆண்டுகள் போலீஸ் பாதுகாப்பு இருந்தது. மொழிபெயர்த்தவர்களும் அச்சிட்டவர்களும் வழக்கம்போல வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரே பிப்ரவரியில் மூன்று செய்திகள்

வழக்குகள் என்ன ஆயின?

2021 பிப்ரவரி 10-ம் தேதி, தீபன் கொலை வழக்கில் டாக்கா பயங்கரவாதத் தடுப்பு சிறப்புத் தீர்ப்பாயம் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களில் ஒருவர் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்ட மேஜர். ஆறு நாள்கள் கழித்து, பிப்ரவரி 16-ல், அவிஜித் கொலை வழக்கில் ஐந்து பேருக்கு மரண தண்டனை, ஒருவருக்கு ஆயுள் தண்டனை. அந்தத் தீர்ப்பைக் கேட்க அவிஜித்தின் அப்பா அஜய் ராய் இல்லை. தள்ளாத வயதில் நீதிமன்றம் வந்து சாட்சி சொல்லிவிட்டு, 2019 டிசம்பரில் இறந்துபோனார்.

எழுதுகிறவர்களுக்கு அரசு துணை நிற்கிறது என்று அந்த இரண்டு தீர்ப்புகளையும் பார்த்து யாராவது நினைத்திருக்கலாம். அதே பிப்ரவரி 25-ல் மூன்றாவது செய்தி வந்தது. கொரோனா காலத்தில் அரசாங்கத்தின் செயல்பாட்டை விமர்சித்து எழுதிய முஷ்டாக் அகமது என்ற எழுத்தாளர், டிஜிட்டல் பாதுகாப்புச் சட்டத்தில் கைதாகி, ஜாமீன் மறுக்கப்பட்டு மாதக்கணக்கில் சிறையில் இருந்தவர், சிறையிலேயே இறந்துபோனார். எழுத்தாளரைக் கொன்றவர்களுக்குத் தண்டனை கொடுத்த அதே மாதத்தில், அதே அரசின் சிறையில் ஓர் எழுத்தாளரின் உயிர் போனது.

தண்டனை பெற்றவர்களின் கதையும் முடிந்துவிடவில்லை. 2022 நவம்பர் 20 அன்று, தீபன் வழக்கில் மரண தண்டனை பெற்ற இருவரை இன்னொரு வழக்குக்காக டாக்கா நீதிமன்றத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். பட்டப்பகலில் கூட்டாளிகள் வந்து, போலீஸார் முகத்தில் ரசாயனத்தைத் தெளித்துவிட்டு, இருவரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார்கள்.

'நீதி வேண்டாம், நல்ல புத்தி வரட்டும்' என்று அன்று அந்த அப்பா சொன்னதை விரக்தி என்றவர்கள், அதை இன்னொரு முறை யோசித்துப் பார்த்திருப்பார்கள்.

இன்னும் ஓயவில்லை

தீபனுக்குப் பிறகும் பதிப்பாளர்கள் தப்பவில்லை. 2016 பிப்ரவரியில் 'ப-த்வீப்' பதிப்பகத்தின் கடையைப் புத்தகக் காட்சியில் போலீஸ் மூடியது. அதை நடத்திய முதியவர் ஷம்சுஸ்ஸோஹா மாணிக் கைது செய்யப்பட்டார். 2018 ஜூன் 11-ல், டாக்காவை அடுத்த முன்ஷிகஞ்ச் மாவட்டத்தில், 'விஷாகா' பதிப்பகம் நடத்திவந்த கவிஞர் ஷாஜஹான் பச்சு சுட்டுக் கொல்லப்பட்டார்.

2024 ஆகஸ்ட்டில் மாணவர் எழுச்சியால் ஷேக் ஹசீனா ஆட்சி வீழ்ந்தது. இடைக்கால அரசு வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், பங்களா அகாடமிக்குப் புதிய தலைவர் நியமிக்கப்பட்டார். பேராசிரியர் அபுல் காசெம் ஃபஸ்லுல் ஹக். தீபனின் அப்பாவேதான். மகன் ஆண்டுதோறும் கடை போட்ட அந்தப் புத்தகக் காட்சியை நடத்துவதும் அதே பங்களா அகாடமிதான்.

அவர் தலைவரான பிறகு வந்த முதல் புத்தகக் காட்சி, 2025 பிப்ரவரியில் நடந்தது. பிப்ரவரி 10 அன்று, 'சவ்யசாச்சி' என்ற பதிப்பகத்தின் கடையை ஒரு கும்பல் முற்றுகையிட்டது. காரணம், அங்கே தஸ்லிமா நஸ்ரினின் புத்தகம் விற்பனைக்கு இருந்தது. கடையில் இருந்த பதிப்பாளரைப் போலீஸார் கூட்டத்திலிருந்து மீட்டு அழைத்துப் போனார்கள். கடை மூடப்பட்டது. இடைக்கால அரசின் தலைவர் முகமது யூனுஸ் இந்தத் தாக்குதலைக் கண்டித்தார். எழுதிய தஸ்லிமா 1994-லேயே அந்த நாட்டை விட்டு வெளியேறியவர். கூட்டத்தின் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது, வழக்கம்போல, பதிப்பாளர்தான்.

ஆட்சி மாறியிருக்கிறது. கட்சிகள் மாறியிருக்கின்றன. அந்த அப்பா இரு தரப்பிடமும் கேட்ட நல்ல புத்தி மட்டும் இன்னும் வந்தபாடில்லை. 1972-ல் சித்தரஞ்சன் சாஹா சணல் விரிப்பில் 32 புத்தகங்களைப் பரப்பி உட்கார்ந்தபோது அவரைச் சுற்றிக் காவலுக்கு யாரும் இல்லை. தேவைப்படவும் இல்லை. போர் முடிந்து, நாடே இடிந்து கிடந்த நேரத்தில்கூட, விரும்பியவர் வாங்கிக்கொண்டார், விரும்பாதவர் கடந்து போனார்.

ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்றால் வாங்காமல் இருக்கலாம். படித்துவிட்டுத் திட்டலாம். பதில் சொல்ல இன்னொரு புத்தகம் எழுதலாம். அந்தப் பதிலை அச்சிடவும் ஒரு பதிப்பாளர் வேண்டும். அவரும் தன் பெயரைப் போட்டு, முகவரியைப் போட்டு, காலையில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.